மூடி எங்கே போயிற்று?

2019 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 25 மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்தான். முதலில் சுமார் 26 அடி ஆழத்தில் சிக்கியிருந்தவன், மீட்புப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே 88 அடி வரை நழுவிப்போனான். அந்த நாட்களில் தமிழ்நாடே தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தது. 29ஆம் தேதி அதிகாலையில் அவனுடைய உடல்தான் வெளியே வந்தது. நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் ஒன்று தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருந்தது. பெற்றோர் திரையில் ஆழ்ந்திருந்த நேரத்தில் அவர்களுடைய சின்னஞ்சிறு மகள் குளியலறையில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள்.

முதல் மரணத்துக்குப் பேரிடர் மீட்புப் படை வந்தது, பாறையைக் குடையும் இயந்திரங்கள் வந்தன, அமைச்சர்கள் இரவும் பகலும் அங்கேயே நின்றார்கள். இரண்டாவது மரணம் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் ஒன்றுதான். மூடியிருக்க வேண்டிய வாய் ஒன்று திறந்து கிடந்தது. இப்படி ஒரு குழந்தை இறக்கும்போதெல்லாம் அம்மா எங்கே போனாள் என்று உடனே கேட்டுவிடுகிறோம். மூடி எங்கே போயிற்று என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

உலகில் எங்கெல்லாம் இத்தகைய மரணங்கள் கண்கூடாகக் குறைந்தனவோ, அங்கெல்லாம் யாரோ ஒருவர் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கிறார். பெற்றோர் கவனமாக இருக்கத் தேவையில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் நடக்கப் பழகிய குழந்தை விழித்திருக்கும் நேரம் முழுவதும், சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இன்னொரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டும், கண் இமைக்காமல் பார்த்துக்கொள்ள மனிதரால் முடியாது. முடியாத ஒன்றை அறிவுரையாகச் சொல்லிக்கொண்டே இருப்பதில் சொல்பவருக்கு மட்டும்தான் நிம்மதி.

வாளியிலிருந்தே தொடங்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலில் தலைதான் பாரம். வாளியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது உடல் முன்பக்கம் சாய்ந்து தலைகீழாக உள்ளே போய்விடுகிறது. தன்னைத் தூக்கி வெளியே எடுக்கும் வலு அந்தக் கைகளுக்கு இல்லை. காலி வாளியாக இருந்தால் குழந்தையோடு சேர்ந்து கவிழ்ந்துவிடும். பாதி நிறைந்த வாளி கவிழாது, அந்தக் கனமே அதை நிலையாக நிறுத்திவிடுகிறது. மூக்கும் வாயும் மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும். இதில் யாரும் எதிர்பார்க்காத விஷயம், சத்தம் வராது என்பது. வாய் தண்ணீருக்குள் இருக்கும் குழந்தையால் அழ முடியாது. “அழுதால் ஓடிப் போய்விடலாம், பக்கத்தில்தானே இருக்கிறேன்” என்று அடுப்படியில் நிற்பவர் நினைப்பது அதனால்தான் பலிப்பதில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2021இல் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. பத்தில் ஒன்பதுக்கும் மேலான மரணங்கள் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நடந்தவை. கடலும் ஆறும் அங்கேதான் அதிகம் என்பதால் அல்ல. வீட்டைச் சுற்றி மூடப்படாத தண்ணீர் அங்கேதான் அதிகம்.

நம் ஊர்களில் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, சில இடங்களில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் மக்கள் என்ன செய்வார்கள்? டிரம், அண்டா, குடம், பக்கெட் என்று இருப்பதையெல்லாம் நிரப்பி வைப்பார்கள். சொந்த வீட்டுக்காரர் தரைக்கு அடியில் சம்ப் கட்டுவார். குடிநீர் விநியோகத்தின் குறை குழந்தையின் ஆபத்தாக மாறுகிற இடம் இது. அதைத் தாயின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடுவது நகராட்சிக்கு மிகவும் வசதி.

டெங்கு காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து டிரம்மைத் திறந்து பார்த்து, கொசுப்புழு இருந்தால் மருந்து ஊற்றி, மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரே வருகையில் “இந்த வீட்டில் மூன்று வயதுக்குள் பிள்ளை இருக்கிறதா?” என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளத் தனித் திட்டம் எதுவும் தேவையில்லை. ஆனால் கொசுவைத் தடுக்கும் தட்டு குழந்தையைத் தடுக்காது, கை பட்டால் நகர்ந்துவிடும். திருகி மூடுகிற மூடி வேண்டும், அல்லது குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். குளித்து முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி வாளியைக் கவிழ்த்து வைக்கச் செலவே இல்லை. தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற வீட்டில் யாரும் மிச்சத்தைக் கொட்டமாட்டார்கள் என்பதும் உண்மைதான். அங்கே மூடிதான் வழி.

பொருளை மாற்றினால் மரணம் நிற்கும் என்பதற்கான சாட்சி நம் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. உங்கள் ஃபிரிட்ஜின் கதவைப் பாருங்கள். காந்தம் பதித்த ரப்பர் பட்டைதான் அதை மூடி வைத்திருக்கிறது, கொண்டி கிடையாது. பழைய அமெரிக்க ஃபிரிட்ஜ்களுக்குக் கனமான கொண்டி இருந்தது, வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடியும். கொல்லையில் தூக்கிப்போட்ட ஃபிரிட்ஜுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளேயே மூச்சடைத்து இறந்தார்கள். கதவைக் கழற்றிவிட்டுத் தூக்கிப்போடுங்கள் என்று பல ஆண்டுகள் அறிவுரை சொல்லிப் பார்த்தார்கள். மரணம் நிற்கவில்லை. 1956இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, இனி விற்பனைக்கு வரும் ஃபிரிட்ஜ்களை உள்ளிருந்தும் திறக்க முடிய வேண்டும் என்றது. எவ்வளவு எளிதாகத் திறக்க வேண்டும் என்பதை ஊகமாக முடிவு செய்யவில்லை. சிறு குழந்தைகளைப் பாதுகாப்பான மாதிரிப் பெட்டிக்குள் விட்டு, இருட்டில் அவர்கள் என்ன செய்கிறார்கள், எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறார்கள் என்று கவனித்து அளந்தார்கள். இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் லேசில் ஒப்புதல் தராது. எப்படியோ, 1958 அக்டோபர் முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது, கொண்டி மறைந்தது. இன்று ஃபிரிட்ஜ் வாங்கும் எந்தத் தாய்க்கும் இது பற்றிய கவலை இல்லை. அப்படி ஓர் ஆபத்து இருந்ததே அவருக்குத் தெரியாது.

அதே மரணம் வேறு பெட்டிக்குள் தொடர்கிறது. 2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைத்திருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் அருகே அதேபோல் நான்கு குழந்தைகள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் இருந்ததைவிட 10 டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடும், குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிடப் பல மடங்கு விரைவாகச் சூடேறும். பின்கதவில் குழந்தை இறங்கிவிடக் கூடாது என்று பொருத்திய பூட்டே இங்கே குழந்தையை உள்ளே அடைக்கிறது. அமெரிக்காவில் 1998 கோடையில் கார் டிக்கிக்குள் சிக்கி மூன்று வாரத்தில் பதினொரு குழந்தைகள் இறந்த பிறகு, டிக்கியை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி ஒன்று கட்டாயமானது. பெரும்பாலும் அது இருட்டில் ஒளிரும்படி செய்யப்படுகிறது. நம் ஊரில் கார்கள் பெருகிய வேகத்துக்கு, நிறுத்திய காரைப் பூட்டும் பழக்கம் இன்னும் வரவில்லை. தெருவில் பழைய கார் நின்றால் அது பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடு.

மருந்துப் புட்டியின் கதையும் இந்த வகைதான், ஆனால் அதில் ஒரு நுட்பம் கூடுதல். கனடாவின் வின்ட்சர் நகரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், ஆஸ்பிரின் மாத்திரையை மிட்டாய் என்று விழுங்கிவிட்டு வரும் குழந்தைகளைப் பார்த்துச் சலித்துப்போனார். குழந்தைகளுக்காக ஆரஞ்சுச் சுவையில் ஆஸ்பிரின் விற்ற காலம் அது. “எட்டாத இடத்தில் வையுங்கள்” என்ற பிரசாரம் பலன் தராமல் போகவே அவர் ஓர் உற்பத்தியாளரைப் பிடித்தார். 1967இல், உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும் மூடி பிறந்தது. அந்தப் பகுதியில் குழந்தைகள் மருந்து விழுங்கும் சம்பவங்கள் பத்தில் ஒன்றாகச் சரிந்தன. 1970இல் அமெரிக்கா இத்தகைய மூடியைச் சட்டமாக்கியது. அங்கே ஒரு மூடியை அங்கீகரிக்கும் முன் ஏறத்தாழ மூன்றரை முதல் நாலேகால் வயது வரையுள்ள குழந்தைகளிடம் கொடுத்து ஐந்து நிமிடம் விட்டுவிடுகிறார்கள். பிறகு எப்படித் திறப்பது என்று செய்தே காட்டி, வேண்டுமானால் பல்லையும் பயன்படுத்தலாம் என்று சொல்லி, மறுபடி ஐந்து நிமிடம். அதற்குப் பிறகும் நூற்றுக்கு எண்பது குழந்தைகள் தோற்றால்தான் மூடி தேறியது. கூடவே முதியவர்களால் அதைத் திறக்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். தாத்தாவால் திறக்க முடியாத மூடியைத் தாத்தா ஒருநாளும் மூடமாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடம் மாத்திரைகள் பெரும்பாலும் அட்டையில் வருவதால் ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. யாரும் திட்டமிடாமல் கிடைத்த பாதுகாப்பு இது. ஆனால் சிரப் புட்டிகளில் சாதாரணத் திருகு மூடிதான். அதைவிட, தமிழ் வீட்டின் நச்சுப் பொருட்கள் மருந்துப் பெட்டியில் இருப்பதில்லை. பூஜை அறையில் இருக்கின்றன. கற்பூரம் பார்ப்பதற்குக் கற்கண்டு போலவே இருக்கிறது, கைக்கெட்டும் உயரத்தில் திறந்த டப்பாவில் கிடக்கிறது. ஒன்றிரண்டு வில்லைகளை ஒரு வயதுக் குழந்தை தின்றுவிட்டால் சிறிது நேரத்திலேயே வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். சளிக்கு என்று தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்க்கும் வழக்கமும் நல்லதல்ல, தோல் வழியாகவும் அது உள்ளே போகும். துணி அலமாரியில் இருக்கும் பாச்சை உருண்டை சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். எலியைக் கொல்லும் மஞ்சள் பாஸ்பரஸ் பசை இன்னும் மோசம். பற்பசைக் குழாய் போன்ற உறையில் வருவதைத் தேங்காய்த் துண்டிலும் பிஸ்கட்டிலும் தடவி, எலி வரும் இடத்தில், அதாவது தரையில் வைக்கிறோம். தவழும் குழந்தை இருக்கும் இடமும் தரைதான். தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்திருக்கிறது. எச்சரிக்கை அச்சிடுவதைவிட அது நல்ல முடிவு.

மண்ணெண்ணெய் ஒரு காலத்தில் குழந்தைகள் வார்டை நிரப்பியது. ரேஷன் கடையில் வாங்கிய மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைத்திருப்பார்கள், தாகமெடுத்த குழந்தை ஒரு வாய் குடிக்கும். அது வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்வது பெரிது. வாந்தி எடுக்க வைத்தால் இன்னொரு முறை நுரையீரலுக்குள் போகும், எனவே உப்புத் தண்ணீர் கொடுத்துக் குமட்டவைக்கும் பாட்டி வைத்தியம் கூடாது. சமையல் எரிவாயு பரவ, மண்ணெண்ணெய் வீட்டைவிட்டு வெளியேறியது. அதன் இடத்தில் இப்போது கழிப்பறை கழுவும் அமிலம் பழைய பாட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கவனத்தின் எல்லையைக் காட்ட ஓர் உதாரணமே போதும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் கலந்திருந்தது. 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்ற அதே பொருள். அந்தத் தாய்மார்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை வாங்கி, அளவு பார்த்து, நேரம் தவறாமல் ஊட்டினார்கள்.

சிறு குழந்தைகளைத் தீயைவிட வெந்நீரும் ரசமும்தான் அதிகம் சுடுகின்றன. 60 டிகிரி வெந்நீர் ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். 49 டிகிரி என்றால் அதே காயத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும், குழந்தையை இழுத்து எடுக்க அவகாசம் உண்டு. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983இல், புதிய கெய்சர்கள் 49 டிகிரியில் நிறுத்தி வைக்கப்பட்டே விற்கப்பட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் குழாய் வெந்நீரால் வெந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் குறைந்தார்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடக்கூட இல்லை. மனிதனின் சோம்பலை அவனுக்குச் சாதகமாகவே திருப்பிவிட்ட சட்டம் என்று எனக்கு இதில் ஒரு மதிப்பு.

நம் வீடுகளில் கெய்சரைவிடப் பெரிய வில்லன் தரையில் இறக்கி வைத்த பாத்திரம். சாப்பிடும் நேரத்தில் சாம்பாரும் ரசமும் நடு வீட்டில் இருக்கும். மின்கம்பி ராடு போட்ட வாளி குளியலறையில் கொதிக்கும். அதில் சூட்டோடு மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது. குளிக்க விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டு அதற்கு மேல் வெந்நீரை ஊற்றினால், நடுவில் குழந்தை கைவிட்டாலும் வெந்துபோகாது. சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின் மேல் ஓடவிட வேண்டும், வீக்கம் வருமுன் வளையலையும் கொலுசையும் கழற்ற வேண்டும். பற்பசை, பேனா மை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் என்பது பதற்றத்தில் மிக நீளமான நேரம். இரண்டே நிமிடத்தில் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறோம்.

பொத்தான் பேட்டரியை இன்னும் பலருக்குத் தெரியாது. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, ரிமோட், திருவிழாக் கடையில் வாங்கிய மின்னும் பொம்மை எல்லாவற்றிலும் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் வில்லை உணவுக்குழாயில் சிக்கினால், உமிழ்நீர் பட்டு மின்சாரம் ஓடி, அந்த இடத்திலேயே அமிலம் போல் அரிக்கும் காரப்பொருள் உருவாகித் திசுவைத் தின்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஓட்டை விழத் தொடங்கலாம். காசு விழுங்கிய குழந்தைக்குக் காத்திருப்பதுபோல் வாழைப்பழம் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருக்க இதில் இடமே இல்லை, உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும் வழியில், ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம், அது அரிப்பைத் தாமதப்படுத்தும். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். தேர்த் திருவிழாவில் தரையில் துணி விரித்து விற்கும் பொம்மையில் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குக் கட்டிய சேலையில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஊஞ்சலாடி, முறுக்கிச் சுழன்று, கழுத்து இறுகி இறந்த செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. குழந்தையை எடுத்ததும் சேலையை மேலே தூக்கி முடிச்சுப் போட்டுவிட்டால் போதும்.

மாடி வீடுகள் பெருகிய நகரங்களின் கவலை வேறு. நியூயார்க்கில் ஜன்னலிலிருந்து விழுந்து இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருகியபோது, 1972இல் நகரச் சுகாதாரத் துறை ஏழைகள் வசிக்கும் பகுதிகளில் ஜன்னல் கம்பிகளை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. கம்பி போட்ட ஜன்னலிலிருந்து யாரும் விழவில்லை. 1976இல், பத்து வயது அல்லது அதற்குக் குறைந்த குழந்தை வசிக்கும் எந்த அடுக்குமாடி வீட்டுக்கும் கம்பி பொருத்துவது கட்டட உரிமையாளரின் பொறுப்பு என்று விதி வந்தது. விதி யார் மேல் விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாடகைக்கு இருக்கும் தாயின் மேல் அல்ல.

2024 ஏப்ரலில் சென்னையை ஒட்டிய திருமுல்லைவாயலில், அடுக்குமாடியின் நாலாவது மாடியிலிருந்து தவறிய கைக்குழந்தை ஒன்று கீழே ஒரு கூரைத் தகட்டில் தங்கி நின்றது. அக்கம்பக்கத்தினர் ஜன்னல் வழியாக ஏறிக் காப்பாற்றிய காட்சியை எல்லோரும் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் சமூக ஊடகங்களில் அந்தத் தாயைக் கிழித்தெடுத்தார்கள். அடுத்த மாதமே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சோர்வில் இருந்ததாகச் செய்திகள் கூறின. ஒரு மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தப் பால்கனித் தடுப்பின் உயரம் என்ன, கம்பிகளுக்கு இடையே இடைவெளி எவ்வளவு என்று கேட்ட பதிவு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அரசு பொருளை மாற்றிய சந்தர்ப்பங்கள் இங்கேயும் உண்டு, பெரும்பாலும் பிணங்களை எண்ணிய பிறகு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோன பின்பே பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறக்கப்பட்டன. 2012இல் தாம்பரம் அருகே ஓடும் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாகச் சிறுமி விழுந்து இறந்ததும், உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. ஆழ்துளைக் கிணற்றுக்கோ விதிகள் முன்பே இருந்தன. உச்ச நீதிமன்றம் 2010இலேயே வேலி போட வேண்டும், இரும்பு மூடி பற்றவைக்க வேண்டும், கைவிட்டால் அடியிலிருந்து மேல் வரை நிரப்ப வேண்டும் என்று வழிகாட்டிவிட்டது. தமிழ்நாடும் 2015இல் ஊராட்சிகளுக்கு விதி வகுத்தது. நடுக்காட்டுப்பட்டி நடந்தது 2019இல். கிணறு தோண்டுகிறவருக்கு அனுமதிக் கட்டணம் செலுத்திய ரசீது இருக்கும். தண்ணீர் வராமல் கைவிட்ட குழியை மூடிவிட்டதற்கும் ஒரு சான்று வாங்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற வழிகாட்டலிலேயே இருக்கிறது. கட்டணத்தோடு ஒரு வைப்புத்தொகையும் வாங்கி, மூடிய பிறகே அதைத் திருப்பித் தந்தால் பாதிக் குழிகள் தாமாகவே மூடிக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றுக்கும் மூடி போட முடியாது. குளத்துக்கு எப்படிப் போடுவது? வங்கதேசம் இதில் நமக்கு முன்னால் போயிருக்கிறது. அங்கே கிராமத்து வீடுகளை வெள்ளத்துக்குப் பயந்து மேடாக்கிக் கட்டுவார்கள். அதற்கு மண் எடுத்த பள்ளம் குளமாகிவிடும், ஆக எல்லா வீட்டுக்கும் பக்கத்தில் தண்ணீர். தடுப்பூசியும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் மற்ற நோய்களைக் குறைத்துவிட, 2003இல் நடந்த பெரிய வீட்டுக் கணக்கெடுப்பில் ஒரு வயது தாண்டிய குழந்தைகளை அதிகம் கொல்வது நீர்தான் என்று தெரியவந்தது. எந்த நேரத்தில் என்று பார்த்தார்கள். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையில். அப்பா வயலில், அண்ணன் அக்காள் பள்ளியில், அம்மா அடுப்பிலும் துவைகல்லிலும்.

அந்த நான்கு மணி நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஆஞ்சல் என்ற பெயரில் ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணின் வீட்டு அறையில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 25 பிள்ளைகள் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை இருப்பார்கள். பாட்டு, விளையாட்டு, கதவில் தடுப்பு. பெரிய கட்டடம் கிடையாது. ஆயிரக்கணக்கான மையங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, அங்கே வந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் மரணம் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. 2022இல் அந்நாட்டு அரசு 16 மாவட்டங்களில் 8,000 மையங்களை, 2 லட்சம் குழந்தைகளுக்காக, பெரும்பகுதிச் செலவைத் தானே ஏற்று நடத்த முடிவெடுத்தது.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. வேறு பல மாநிலங்கள் பார்த்துப் பொறாமைப்படும் அமைப்பு. ஆனால் பிள்ளையைக் கொண்டுபோய் விட இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு முன் குழந்தைக்கு அங்கன்வாடி தருவது சத்துமாவு பாக்கெட், உட்காரும் இடம் அல்ல. வாளியும் தொட்டியும் ஆபத்தாக இருக்கும் வயதோ, நடை பழகும் பத்துப் பதினோராம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை எடுத்து ஊராட்சிக்குள் கொண்டுவந்து, ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தெருவுக்கு ஓர் அறை, காலை நான்கு மணி நேரம், ஒரு பெண்ணுக்குச் சம்பளம் என்று மாற்றுவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. அந்தச் சம்பளத்தை எந்தத் துறை தருவது என்பதைத் தீர்த்தாக வேண்டும்.